நாலாவது டப்பா

"கோயில் குளத்த இடப்பக்கமா சுத்தினா குடும்பம் வெளங்காதுப்பா!" என்று பூக்காரப் பொன்னியம்மாள் கரையிலிருந்து கத்தினாள்.

முழங்கால் சேற்றில் நின்ற கலியாணசுந்தரம் திரும்பிப் பார்த்தான். மெட்ராஸ் காலேஜ் ஆராய்ச்சிக்காரன். இன்னும் கல்யாணமே ஆகாதவன் என்பதால் பயப்படவில்லை.

"அந்தப் பக்கம் எதிர்வெயில் கண்ணைக் கூசுதும்மா" என்று சொல்லிவிட்டு, மர அகப்பையால் சேற்றை அள்ளி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டான். சர்க்கரைப் பொங்கலைக்கூட யாரும் அவ்வளவு பக்தியாக வாங்கியதில்லை.

குளத்தின் கிழக்குக் கரையில் உமாபதியின் சாயப்பட்டறை. மேற்குக் கரையில் அவர் பங்காளி வீரபாகுவின் பட்டறை. இரண்டின் கழிவும் குளத்துக்குத்தான்.

எமர்ஜென்சியே வந்து போய்விட்டது. ஊரார் கொடுத்த மனு நகரவில்லை. மீன் செத்து மிதந்து நாறிய பிறகுதான் மேலிடத்துக்கு மூக்கு திறந்தது. கல்யாண சீசனில் இரண்டையும் மூடினால் ஊர்ப் பட்டுக்கு யார் சாயம் போடுவது? அதனால் எவர் கரைச் சேற்றில் உலோகம் அதிகமோ, அவர் பட்டறைக்கு மட்டும் பூட்டு என்று முடிவாகியிருந்தது.

விடியும் முன்பே மாகறல் ஈசுவரனுக்கு அர்ச்சனை செய்யப் போயிருந்த உமாபதி, அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார். பங்காளி பட்டறைக்குப் பூட்டு விழவேண்டும் என்பது வேண்டுதல். குருக்களிடம் அதைச் சொல்லவில்லை. குடும்ப க்ஷேமம் என்றுதான் சொன்னார்.

குளக்கரை மண்டபத்தில் நாலு டப்பாக்கள் வரிசையாக இருந்தன. மூடியில் எண் மட்டும் போட்டிருந்தது.

"சேத்துல உலோகம் இருக்குதுன்னு எப்படி தம்பி கண்டுபுடிப்பீங்க?" என்று கேட்டார் உமாபதி.

"காந்தக் கருவி வச்சுதாங்க. ஈயம், குரோமியமெல்லாம் காந்தத்துக்கு வராது. ஆனா கழிவுல கூட வர்ற இரும்புத் துகளோட ஒட்டிக்கினு இருக்கும். இரும்பு எங்க ஜாஸ்தியோ அங்க முள்ளு ஏறும், மத்ததும் அங்கதான் இருக்கும்."

"அதாவது, திருடன் கெடைக்கலன்னா கூட்டாளிய புடிக்கறீங்க."

"அதேதாங்க."

உமாபதிக்கு விஞ்ஞானத்தின்மேல் முதல்முறையாக மரியாதை வந்தது. "எங்கேர்ந்து ஆரம்பிச்சீங்க?"

"வடகரை பிள்ளையார் படித்துறைங்க. அதுதான் ஒண்ணு."

உமாபதி மனசுக்குள் விரல் மடக்கினார். வடக்கு ஒன்று, கிழக்கு இரண்டு, தெற்கு மூன்று, மேற்கு நாலு. நாலுதான் வீரபாகு.

"மெட்ராசுலேர்ந்து வந்த புள்ள பட்டினி கெடக்கலாமா? நம்ம வூட்லதான் சாப்பாடு" என்று இழுத்துப் போய் இலை போட்டார்.

அவன் வத்தக்குழம்பில் மூழ்கியிருந்தபோது அவர் கொல்லன் கலியன் பட்டறையில் இருந்தார். அரம் ராவின இரும்புத் தூள் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. இடுப்பிலிருந்த திருநீற்றுப் பையைக் காலி செய்து, அதில் இரும்புத் தூளை நிரப்பிக்கொண்டார். இரண்டும் ஒரே நிறம்தானே, சிவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மண்டபத்தில் பொன்னியம்மாள் மட்டும் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் நல்லபடியா முடியட்டும்னு துன்னூறு போடறேன்மா" என்றபடி நாலாவது டப்பாவைத் திறந்து தாராளமாகத் தூவினார். விரலால் கலக்கியும் விட்டார்.

"சேத்துக்குமா துன்னூறு?"

"அதுலயும் ஈசன் இருக்காரும்மா."

மதியம் சுகாதார ஆபீசர் முனிசாமி வந்து சேர, கருவியை வைத்தார்கள். தெருவே கூடிவிட்டது. வீரபாகு தூணோரமாகக் கைகட்டி நின்றார். பட்டறை போனால் அவருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

முதல் டப்பாவுக்கு முள் லேசாக அசைந்தது. இரண்டாவதற்குப் பாதி ஏறியது.

"பாத்தீங்களா, பாதிதான்!" என்றார் உமாபதி, யாரும் கேட்காமலே. "மனுசன்னா கொஞ்சம் அழுக்கு இருக்கத்தானே செய்யும்."

மூன்றாவதற்கு முள் ஏறவே இல்லை. நாலாவதை வைத்ததும் ஓடிப்போய்க் கடைசிக் கோட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கலியாணசுந்தரம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான்.

"இவ்வளவு நான் எங்கயும் பார்த்ததில்லீங்க."

"பூட்டுங்க சார்!" என்று உமாபதி துள்ளி முன்னால் வந்தார். "ஊர் தண்ணியில வெசம் கலக்கறவனுக்கு என்னா தயவு தாட்சண்யம்?"

ஆபீசர் மோவாயைச் சொறிந்தார். "முகூர்த்த நாளு நெருங்கிக்கினு இருக்குது. ஒரு மாசம் டைம் குடுத்துப் பாக்கலாமா?"

வீரபாகுவின் கண்கள் கலங்கின. "ஆமாண்ணே, நீயும் கொஞ்சம் சொல்லுண்ணே."

"பங்காளின்னா நியாயம் மாறிடுமா? ஒரு நாள்கூடக் கூடாது. இன்னிக்கே, இப்பவே!" என்ற உமாபதி, தன் பட்டறைக்குப் போடும் திண்டுக்கல் பூட்டையே மடியிலிருந்து உருவி நீட்டினார். "பூட்டு நான் தரேன், சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூட்டம் அவருடைய நேர்மையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆபீசர் பூட்டை வாங்கிக்கொண்டு, "நாலாவது எந்தக் கரை தம்பி?" என்று கேட்டார்.

"கிழக்குங்க."

உமாபதி சிரித்தார். "உண்ட மயக்கமா தம்பி? பிள்ளையார்லேர்ந்து சுத்தினா கிழக்கு ரெண்டாச்சே!"

"மேற்குதாங்க ரெண்டு. காலையில வெயிலா இருந்துதா, அதனால..." என்று இழுத்தவன், தயக்கத்தோடு பூக்காரம்மாவைப் பார்த்தான்.

பொன்னியம்மாள் கட்டுகிற பூவிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"இடப்பக்கமா சுத்தினா குடும்பம் வெளங்காதுன்னு அப்பவே சொன்னேனேப்பா!"