பிழை திருத்துபவரின் முதல் பேச்சு

"வீடியோ கால் வருது. இன்னிக்காவது உங்க தங்கச்சி பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசித் தொலைங்க" என்றாள் மனைவி.

"இரு, இந்த ஒரு வாக்கியத்தைச் சரிபார்த்துக்கறேன்."

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். வெளிநாட்டில் பிறந்த அந்தச் சிறுமிக்குத் தமிழ் வராது என்பதால், அவள் மொழியை நோட்டு நோட்டாக எழுதிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வருஷமா இதே பாட்டு! தப்பாப் பேசினா அந்தப் புள்ள உங்களை ஜெயில்லயா போடப்போகுது?"

திரையில் அம்மாவுடன் ஏழு வயதுச் சிறுமி வந்தாள். அவள் முன்னால் ஒரு சொல்லும் பேசியிராத அவர், வழக்கம்போல் சிரித்துக் கையாட்டினார். அவள் வாயே திறக்காமல் விரல்களை மடக்கி நீட்டினாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"என்னம்மா இது, டான்ஸா?" என்று நாத்தனாரைக் கேட்டாள் மனைவி.

"சைகை மொழி, அண்ணி!" தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "மாமாவுக்குப் பேச்சே வராதுன்னு நெனச்சு ஸ்கூல்ல கத்துக்கிட்டாளாம். எனக்கே இப்பத்தான் தெரியும்!"

அவர் பதறிப்போய், "எனக்குப் பேச வரும்" என்று சிறுமியின் மொழியில் கத்தினார். அந்த ஒரு வாக்கியத்திலேயே மூன்று பிழைகள்.

சிறுமியின் கைகள் அப்படியே நின்றன. பிறகு அவள் அம்மாவைப் பிடித்து உலுக்கிக் கூவியது, அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாத மனைவிக்குக்கூடப் புரிந்தது.