பரணிலிருந்து குதித்த வாளி

டிவி நாடகம் எடுக்கிற ஒரு வீட்டில், பரண்மேல் ஒரு தகர வாளி இருந்தது. அந்தக் காலத்துச் சிரிப்புப் படங்களில் எத்தனையோ தலைகளில் கவிழ்ந்து நசுங்கிய வாளி அது. சாயங்காலம் தன்னைப் பழைய இரும்புக்கடையில் போடப்போகிறார்கள் என்று காலையிலேயே அதன் காதில் விழுந்துவிட்டது.

"போறதுக்குள்ள ஒரு தடவையாவது சிரிக்க வெச்சிடணும்," என்றது வாளி.

கீழே மேஜையிலிருந்த காபிக் கோப்பை உதட்டைப் பிதுக்கியது. "இப்பல்லாம் அப்படி இல்லண்ணே. ஹீரோ என்னைத் தூக்குவார், குடிக்க மாட்டார், சும்மா ஒரு பார்வை பார்ப்பார். ஜனங்க மனசுக்குள்ளயே சிரிச்சுக்குவாங்க. சத்தமா சிரிச்சா பட்டிக்காட்டுத்தனம்."

"மனசுக்குள்ள சிரிச்சா எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்ற வாளி, மெல்ல விளிம்புக்கு நகர்ந்தது.

கேமரா ஓடியது. பரணுக்கு நேர்கீழே உட்கார்ந்திருந்த ஹீரோ கோப்பையைத் தூக்கி, குடிக்காமல் பார்த்தார். வாளி கண்ணை மூடிக்கொண்டு குதித்தது. டமாரென்று தலையில் கவிழ்ந்த வாளியோடே ஹீரோ எழுந்து, ஃபிரிட்ஜில் முட்டி, அதை டைரக்டர் என்று நினைத்து, "சாரி சார்," என்று குனிந்தார்.

அவர் கையிலிருந்த கோப்பை குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் காபியெல்லாம் தரையில்.

"மெதுவா தம்பி, பட்டிக்காட்டுத்தனமா இருக்கு பாரு," என்றது வாளி.

டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடியே சொன்னார்: "ஒன் மோர்... வாளியோட."