துடைக்காத வைப்பர்

பிஜித் தீவின் சுவா நகரில் காலையிலிருந்து மழை விடவில்லை. உதிரிபாகக் கடை வாசலில் டாக்ஸியை நிறுத்திவிட்டுக் கிழவர் தனியேலா சொட்டச் சொட்ட உள்ளே வருகிறார். "ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இந்த வைப்பரை என் தலையில கட்டின. ஒரு சொட்டுத் தண்ணி துடைக்கல. கண்ணாடியில வெண்ணெய் தடவுது. திருட்டுப் பொழப்பு!" கல்லா முன்னால் நிற்கும் நாலைந்து பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அவருக்கு அதுதான் வேண்டும். "நல்லா பார்த்துக்குங்க, இவகிட்ட ஏமாறாதீங்க" என்கிறார். கடைக்காரி மெரெயானி அப்போதே மாட்டித் தருகிறேன் என்றுதான் சொன்னாள். என் வண்டியைத் தொடாதே என்றவர் அவர். இப்போது அவள் மழையில் இறங்குகிறாள்; அவரும் பின்னாலேயே வருகிறார். வைப்பர் கையைத் தூக்கி நிறுத்தி, ரப்பர் விளிம்பை மூடியிருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் உறையை நுனியில் பிடித்து இழுக்கிறாள். அது முழுசாக உருவிக்கொண்டு வருகிறது. "மாட்டுறதுக்கு முன்னாடி இதைக் கழட்டணும், மாமா. அட்டையில படமே போட்டிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நிறைய பேர் மறந்துடுறாங்க" என்கிறாள். உள்ளேயிருந்து ஒருவன், "மழைக்கோட்டோட குளிச்சிருக்காருடா கிழவரு!" என்கிறான். சிரிப்பு கிளம்புகிறது. தனியேலாவின் காதுமடல் சுடுகிறது. மன்னிப்புக் கேட்காமலே வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தி, வைப்பரைப் போடுகிறார். ரப்பர் ஒரே வீச்சில் தண்ணீரை வழித்துத் தள்ளுகிறது. கடை வாசலுக்கு வந்துவிட்ட ஒவ்வொரு முகமும், முன்னால் நனைந்தபடி நிற்கும் அவளும், ஒருவர் விடாமல் பளிச்சென்று தெரிகிறார்கள்.