இஞ்சித் தேத்தண்ணி

ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில், மகள் கௌசியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குப் புஸ்பராணி அவித்த மரவள்ளிக்கிழங்கை வைக்கிறாள். பஞ்ச காலத்தில் இந்த லயத்து உயிர்களைப் பிடித்து வைத்த கிழங்கு, சிவந்த மிளகாய்க் கட்டுச்சம்பலுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஆவி விடுகிறது. மாப்பிள்ளையின் தாய் இரண்டாம் துண்டை விழுங்கும்போது கௌசி தேத்தண்ணி கொண்டுவருகிறாள். இஞ்சி மணக்கிறது. புஸ்பராணி சட்டென்று நிமிர்கிறாள். மரவள்ளி தின்ற வாயில் இஞ்சி பட்டால் நஞ்சு என்பார்கள். பிள்ளைக்கும் தெரியும், பாவம், பதற்றத்தில் இஞ்சியைத் தட்டிப் போட்டுவிட்டாள். இந்தச் சம்பந்தம் போச்சுதா? மாப்பிள்ளையின் தாய் கோப்பையை முகர்ந்து பார்த்து, மெல்லத் தள்ளி வைக்கிறாள். "ஆத்தாடி, இன்னைக்கே என்னைய அனுப்பி வைக்கப் பாக்குறியா? போ மருமகளே, இஞ்சி தட்டாம ஒண்ணு ஊத்திட்டு வா."