அண்ணன் பாத்தியில் ஊற்றியது

தம்பி கையும் களவுமாகப் பிடிபட்டான். நிழல் வலைக்குக் கீழே குனிந்து, அண்ணனுடைய பாத்தியில் பூவாளியால் பழுப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

“பாத்தீங்களா மேடம்? நான் சொன்னப்ப நம்பலையே!” அண்ணன் பூவாளியைச் சுட்டிக் காட்டினான். “கூடப் பொறந்தவனே விஷம் வைக்கிறான்.”

உடன் வந்தவர் பயிர்நோய் ஆய்வுக்கூடத்து அதிகாரியம்மா. அண்ணன் கொடுத்திருந்த அழுகிய வேரையும் மண்ணையும் பரிசோதித்துவிட்டு, வயலை நேரில் பார்க்க வந்திருந்தார்.

தம்பி ஓடவில்லை. ஓடி எங்கே போவது? வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது அவன் வயல்தான். அம்மா செத்த வீட்டில் வாய் தடித்து விழுந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு, இருவரும் அந்த வேலிக்கு இரு பக்கமும் முதுகைக் காட்டியே வாழ்ந்து வந்தார்கள்.

இரண்டு வயலிலும் ஒரே பயிர், ஜின்செங். மருந்துக் கம்பெனிக்காரர்கள் தேடி வந்து வாங்கும் வேர். வெயில் படாமல், தண்ணீர் தேங்காமல் ஐந்தாறு வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்தால்தான் பிடுங்க முடியும். ஒரு தடவை விளைந்த மண்ணில் மறுபடி வைத்தால் உருப்படாது. வேரில் பூஞ்சை ஏறி அழுகல் விழுந்துவிட்டால் அதோடு பிழைப்பும் போச்சு.

“வாயத் தொறடா. என்ன ஊத்துன?”

“விஷம் இல்லண்ணா.”

“பின்ன என்ன, பன்னீரா? மூலையில ரெண்டு பாத்தியில இருந்த அழுகல் இப்ப வயல் பூராவும் வந்து நிக்குது. உன் அண்ணி பச்சத் தண்ணி பல்லுல படாம கெடக்கா. நீ என்னடான்னா உன் வேரையெல்லாம் வளரும் முன்னாடியே பிடுங்கி வித்துட்டு, என்னுதும் விளங்கக் கூடாதுன்னு வந்து நிக்கிற.”

“விக்கல.” தம்பி பூவாளியைக் கீழே வைத்தான். “காய்ச்சிட்டேன்.”

“என்னது?”

“என் வேரைத்தான் காய்ச்சி உங்க பாத்திக்கு ஊத்துறேன். ஜின்செங் சாறு பூஞ்சையக் கொல்லும்னு பயிர்க்காரங்க கூட்டத்துல பேசிக்கிட்டாங்க. எனக்கும் நம்பிக்கை இல்ல. வீட்டுல பூஞ்சை பூத்துக் கெடந்த ரொட்டியில கொஞ்சம் விட்டுப் பாத்தேன். அப்படியே பட்டுப்போச்சுண்ணா.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “சொன்னா நீங்க வேலிக்குள்ளயே விட்டிருக்க மாட்டீங்க. அதான் நீங்க இல்லாத நேரமா பாத்து...”

அண்ணன் வேலிக்கு அப்பால் பார்த்தான். பாதிக்கு மேல் பாத்திகள் வெறும் குழிகளாகக் கிடந்தன. பொறுமையில்லாதவன், பச்சை வேரை விற்றுத் தின்றுவிட்டான் என்று போகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தது அவன்தான்.

“மேடம், மண்ணுல விஷம் ஏதாச்சும் இருந்துச்சா?”

“விஷம்னு எதுவும் இல்லீங்க. ஆனா...”

அவரை மேலே பேச விடவில்லை அண்ணன். பாய்ந்து வந்து தம்பியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். விழப்போகிற அறைக்குத் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். விழுந்தது அண்ணனின் தலை, அவன் தோளில்.

“மடையா... எனக்காகவாடா உன் வயலக் காலி பண்ணின?”

தம்பி அண்ணனின் முதுகை அணைத்துக்கொண்டான். “என்ன பண்ணியும் நிக்க மாட்டேங்குதுண்ணா. ஊத்துன பாத்திதான் முதல்ல போகுது. நான் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். இன்னும் கெட்டியா காய்ச்சணுமோ என்னமோ.”

“காய்ச்சலாம்டா. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே காய்ச்சலாம். உன் அண்ணியையும் கூட்டிட்டு வரேன்.”

வயலில் இன்னும் பச்சை மாறாமல் நின்றது கடைசிப் பாத்தி ஒன்றுதான். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூவாளியை எடுத்துப்போய்த் தன் கையாலேயே அதன் வேரடியில் சாய்த்தான். பழுப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி நின்ற தம்பிக்கு, பயிர் போனாலும் போகட்டும், அண்ணன் கிடைத்தானே என்றிருந்தது.

அதிகாரியம்மா குனிந்து அந்த ஈர மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். சட்டென்று எழுந்து பூவாளியின் மூக்கைப் பிடித்துத் திருப்பினார்.

“ஊத்தாதீங்க. போதும்.”

“ஏன் மேடம்? பூஞ்சைக்கு இது விஷம்தானே?” என்றான் தம்பி.

அவரால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“மத்த பூஞ்சைக்கெல்லாம் விஷம்தாங்க. உங்க வேர்ல இருக்கிறதுக்கு இதுதான் தீனி.”