எந்தப் பேனையால் எழுதுவது?

“நீங்களும் பாத்துக்கிட்டு இரிங்க ராத்தா. எந்தப் பேனை ஒழுங்கா எழுதுதெண்டு நீங்கதான் சாட்சி.”

அக்கா முறை சொல்லிச் சாட்சிக்கு அழைக்கப்பட்டவள் கைருன்னிஸா. அவள் பக்கத்தில் நீங்களும் வந்து அமருங்கள், வாசகர்களே. நடப்பதைக் கண் இமைக்காமல் பாருங்கள்.

கடலிடம் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கக் கல்முனைக்கு வந்த ஒரு தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் அது. வடக்கில் போர் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. சுனாமியாய்க் கடல் ஏறி வந்து ஐந்தாவது வருடம். கைருன்னிஸா இன்னமும் சாய்ந்தமருதில் ஒரு தகரக் கொட்டிலில்தான் கிடந்தாள். அங்கிருந்து அவளை அன்று வாகனம் அனுப்பி அழைத்து வந்திருந்தார்கள்.

முதலில் பேசியவள் றஹீமா, அந்த அலுவலகத்தின் கள உத்தியோகத்தர். மக்கள் சொல்வதைத் தாளில் எழுதி, அதையே மறுபடியும் கணினியில் பதிவதில் காலம் வீணாகிறது என்று, திரையிலேயே பேனையால் எழுதக்கூடிய இரண்டு டெப்லட் கணினிகளைக் கொழும்பிலிருந்து அனுப்பியிருந்தார்கள். எழுதிப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியவர் பொறுப்பாளர் மசூர்.

“முதல்ல இருந்து சொல்லுங்க ராத்தா,” என்றார் மசூர், மிகுந்த பணிவோடு.

அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிய அவள் அந்தப் பணிவை எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினாள்.

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான். அவ்வழக்கம் சரியா, பிழையா என்பதை வேறொரு மேடையில் பேசுவோம். கைருன்னிஸாவின் வீடும் அவளுடைய உம்மா சீதனமாகக் கொடுத்ததுதான். அதைக் கடல் எடுத்தது. மறு வருடமே கணவன் அச்சிமுகம்மது வேறூரில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு போனான். இழந்த வீட்டுக்கு ஈடாக வயல் பக்கம் கல்வீடு எழுவதாகக் கேள்வி. அது யார் பெயருக்கு என்று எவரும் அவளிடம் சொல்லவில்லை. அது அவளுக்கு வராவிட்டால் மகள் ஆதிலாவுக்குக் கொடுக்க ஒரு கூரை இல்லை. கூரை இல்லாத பெண்ணை அங்கே ஒருவரும் கேட்டு வருவதில்லை.

றஹீமா எழுதினாள். முதல் டெப்லட் மடியில் கனத்தது, சுட்டது. பேனை கண்ணாடியில் வழுக்கிற்று. கை முன்னே ஓட, எழுத்து பின்னே தவழ்ந்து வந்தது. உள்ளங்கை பட்ட இடத்திலெல்லாம் கோடு விழுந்தது.

“நான் வேகமாக் கதைக்கிறனா புள்ள?”

“இல்ல ராத்தா, இதுதான் மெதுவா, ஆறுதலா எழுதுது.”

“அப்ப இதுவும் ஏதோ கந்தோர்ல வேல பாத்த சாமான்தான்,” என்றாள் கைருன்னிஸா. மசூர்கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டாவது டெப்லட் மெல்லியது. திரை தாளைப்போல் சற்றே சொரசொரத்தது; பேனை அதைப் பற்றிக்கொண்டு எழுதிற்று. அழுத்தினால் தடித்தும், தொட்டால் மெலிந்தும் எழுத்து விழுந்தது. மறுபடி முதலிலிருந்து சொல்லும்படி மசூர் கேட்டுக்கொண்டார். அவளும் சொன்னாள். இம்முறை, கடல் வந்தபோது வீட்டை விட்டுவிட்டு ஓடி வர மாட்டேன் என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையோடே போய்விட்ட உம்மாவைப் பற்றியும் சொன்னாள்.

றஹீமாவின் பேனை நின்றது.

“நிப்பாட்டாதீங்க றஹீமா, எழுதுங்க,” என்றார் மசூர்.

பிறகு வெயிலில் திரை தெரிகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. முற்றத்துக்கு வந்து இன்னொரு தரம் சொல்ல இயலுமா என்று அவளிடம் கேட்டார்.

“எனக்கு ஏலும் தம்பி. அஞ்சு வரிசமா நான் சொல்றத ஒருத்தரும் முழுசாக் கேக்கல்ல. நீங்க மூணாந் தரமும் கேக்கிறீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல கூலி தருவான்.”

வெயிலில் முதல் டெப்லட் வெறும் கண்ணாடியாயிற்று. அதில் எழுத்துத் தெரியவில்லை, எழுதுபவளின் முகம் தெரிந்தது. மற்றதில் ஒவ்வோர் எழுத்தும் துலங்கிற்று. நா வறள நின்றபடி கைருன்னிஸா முழுவதையும் சொல்லி முடித்தாள்.

“வீட்ட என்ட பேருக்கு எழுதுங்க. அவர்ர பேருக்கு எழுதினா என்ட புள்ள அந்த வாசல மிதிக்கவும் ஏலாது.”

றஹீமாவின் தோளுக்கு மேலாக அந்த வரியைப் படித்துப் பார்த்த மசூர், “வடிவா விழுந்திரிக்கி,” என்றார்.

திரையில் தன் பெயரைக் கண்ட கைருன்னிஸா, அது அழிந்துவிடுமோ என்று அஞ்சியவளாய் விரலைச் சற்றுத் தள்ளியே வைத்துக் காட்டி, ஆதிலாவின் பெயரையும் அருகில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார்கள். திரும்பிப் போக வாகனம் இல்லை என்றார்கள். அதனால் என்ன என்று இருவருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு, பஸ் பிடிக்க நடந்தாள். நெடுநாளைக்குப் பின் நிமிர்ந்து நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் றஹீமா கேட்டாள். “சேர், ராத்தாட இந்த வாக்குமூலத்த எங்க அனுப்புற?”

“எங்கயும் இல்ல. குடும்பத் தலைவரெண்டு அவட மாப்புள்ள அச்சிமுகம்மதுட பேருக்கே வீட்ட எழுதி, போன மாசமே திறப்பையும் குடுத்தாச்சி, இங்கத்தய வேலையும் முடிஞ்சிது. இந்த டெப்லட் வடக்கு முகாமுகளுக்குப் போகுது றஹீமா. அங்க அழுதழுது கதைக்கிற சனத்துக்கு ஈடு குடுத்து எழுதுமாண்டு பாக்கத்தான், நிப்பாட்டாமக் கதைக்கிற ஒருத்தரக் கூட்டி வரச் சொன்னன்.”

வாசித்தவர்களே, அவளுக்காகக் கண்ணீர் விட வேண்டாம். விடிந்ததும் எழுந்து போய், உங்கள் ஊரில் எந்தத் தாயின் வீடு எவன் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று கந்தோர் வாசலில் நின்று கேளுங்கள், விடை வரும்வரை அவ்விடத்தை விட்டு அகலாதீர்கள்.