புளி போட்டு மினுக்கிய பதக்கம்

"இது ஆரின்ர பதக்கமெண்டு மேஜர் கேக்கிறார், அக்கா. சொல்லுங்கோ."

மொழிபெயர்க்கிற எழுதுவினைஞர் கஜனி அமராவதியிடம் மூன்றாவது தடவையாகத் தமிழில் கேட்டாள்.

தொழிலாளிகள் சீருடை போட்டுக் கச்சானும் மிளகாயும் பயிரிடுகிற படைப் பண்ணை அது. நேற்று ஆண்டு விழா அணிவகுப்பில், போரில் வீரம் காட்டிய படையாட்களுக்கு மட்டும் கொடுக்கிற பதக்கத்தைச் சட்டையில் ஊக்கால் குத்திக்கொண்டு வந்து நின்றாள் தொழிலாளி அமராவதி. புளி போட்டு மினுக்கியிருந்தபடியால் மேடையிலிருந்த மேஜரின் கண்ணில் முதலில் அதுதான் பட்டது.

கஜனிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பதினொரு வருடமாகக் குனிந்த தலை நிமிராத மனுஷிக்கு ஏன் இந்த ஆசை? ஜெயபுரத்தில் அவள் வீட்டுப் பக்கம் தபால் ஒழுங்காக வராது. பண்ணை விலாசத்தைத்தான் எல்லா இடத்துக்கும் கொடுத்திருந்தாள். தினமும் காலையில் அலுவலக வாசலில் நின்று, "எனக்கு ஏதும் கடிதம் வந்ததோ, பிள்ளை?" என்று கேட்பாள். நிரந்தர நியமனத்துக்குத்தான் இந்தத் தவிப்பு என்று கஜனி பரிதாபப்படுவாள். இப்போது இருக்கிற வேலையே போய்விடும் போலிருந்தது. இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சம்பளத்தில்தான் சோறு.

எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும். அழகான சாமான் என்று நினைத்துக் குத்திவிட்டாராம், பதக்கம் என்றே தெரியாதாம் என்று கஜனி சிங்களத்தில் அவிழ்த்துவிட்டாள்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே, பிள்ளை." பண்ணையில் வேலை செய்து அமராவதியும் கொஞ்சம் சிங்களம் பழகியிருந்தாள். "பதக்கமெண்டு தெரிஞ்சுதான் குத்தினனான். அதைச் சொல்லுங்கோ."

"வேலை போயிடும், அக்கா."

"போகட்டும்."

மேஜர் கெட்டவர் அல்ல. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "விசாரணைக் கோவை திறந்தால் இவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்," என்றார் சிங்களத்தில். "பதக்க ஓரத்தில் இலக்கம் இருக்கிறது. யாருடையது என்று பார்த்து, அந்த வீட்டுக்கும் கடிதம் போட வேண்டும். எதற்கு இந்த வேலை? பதக்கத்தை வைத்துவிட்டுப் போகச் சொல்."

கஜனிக்கு உயிர் வந்தது. "பதக்கத்தைத் தந்திட்டுப் போகட்டாம். ஒரு பிரச்சினையும் இல்லை, அக்கா."

"வேண்டாம். கோவை திறக்கச் சொல்லுங்கோ."

"உங்களுக்கென்ன விசரா?"

"எங்க கையெழுத்து வைக்கிறது?"

மேஜர் கஜனியைப் பார்த்தார். கஜனி மேஜரைப் பார்த்தாள். இரண்டு மொழியிலும் விளக்கம் இல்லை.

கோவை திறக்கப்பட்டது. அமராவதி குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தாள். அன்றோடு வேலை நின்றது. கடிதம் கட்டாயம் போகும்தானே என்று இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திய பிறகுதான் கதிரையிலிருந்து எழுந்தாள்.

வாசலில் கஜனி அவளை மறித்தாள். பரிதாபமெல்லாம் கோபமாகியிருந்தது.

"எங்கயிருந்து எடுத்தனீங்கள் அதை?"

"கச்சான் பாத்தி கொத்தேக்கை உக்கின பையொண்டு வந்தது. அதுக்குள்ள கிடந்தது."

"அப்பவே எங்களிட்டைத் தந்திருக்கலாமே?"

"போன வருசம் ஒரு ஆமிப் பொடியன்ர கழுத்துத் தகடு எடுத்துத் தந்தனான். உங்கட லாச்சிக்குள்ளதானே கிடக்குது?"

கஜனிக்கு ஞாபகம் வந்தது. மேசை லாச்சியில், கடதாசி ஊசிகளுக்கு நடுவில், அந்தத் தகடு இன்னும் கிடந்தது.

"குற்றமெண்டாத்தானே, பிள்ளை, உங்கட கடிதம் அந்தப் பதக்கக்காரன்ர வீட்டுக்குப் போகுது. அதில பண்ணை விலாசம் இருக்கும். அவன்ர தாய் தேடி வருவா. வந்தா, கிடந்த இடத்தை நான் காட்டுவன்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலை வரை போன அமராவதி, வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தாள்.

"காணாமப்போன என்ர மகனைப் பற்றி எனக்கு ஏதும் கடிதம் வந்தா, அதையும் லாச்சிக்குள்ள போட்டிடாதேங்கோ."